முகிலுக்குள் கேட்ட கொலுசு

காரின் பின்னால் இழுத்து வந்த கரவன் வண்டியின் படியில் தேநீர்க் கோப்பையோடு இருந்தேன். எதிரே மலை நின்றது. ஒரு மிடறு குடித்துவிட்டு நிமிர்ந்தேன். மலையைக் காணவில்லை.

மலை மட்டுமல்ல. பக்கத்துக் கரவன், அதன் முன்னால் காயப் போட்டிருந்த சிவப்புத் துவாய், ஓடைக்கரையில் நின்ற மரங்கள், எல்லாவற்றையும் யாரோ வெள்ளைச் சேலையால் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவது போலிருந்தது. அதிகாலையில் கீழே பள்ளத்தாக்கில் பால் பரப்பி வைத்தது போலக் கிடந்த முகில் அது. அவ்வளவு நேரமும் அதை மேலிருந்து ரசித்துக்கொண்டிருந்தேன். இப்போது அது எழும்பி எங்களிடமே வந்துவிட்டது.

அந்த முகிலுக்குள் எங்கோ என் மகள் நடந்துகொண்டிருந்தாள். ஆதிரைக்கு ஐந்து வயது. பாண் ரொட்டி வாங்கப் போயிருந்தாள். தனியே. அவள் திரும்பி வரும்வரை படியை விட்டு எழும்ப மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் பயங்கள் பழக்கமானவை. முதல் பனிக்காலத்தில் குழந்தைக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் காலுறைகளைப் போட்டு, அவளை நடக்கவே முடியாமல் செய்தவள் நான்தான். புதிதாகப் படிப்பவர்களுக்கு இவ்வளவு போதும்: யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பு முடித்து, கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் பனிநாட்டின் ஓல்டன் நகருக்கு வந்தவள். முதியோர் இல்லத்தில் பகுதிநேர வேலை. இரண்டு பிள்ளைகள். எதையும் செய்துவிட்டு, செய்தது சரிதானா என்று இரண்டு நாள் யோசிப்பவள்.

எழும்புவதா, இருப்பதா? அந்தக் கேள்விக்கு வருமுன், நாங்கள் அங்கே போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு எலுமிச்சம்பழம்

கரவன் எங்களுடையதல்ல, குகன் அண்ணையுடையது. அவர் லொறிச் சாரதி. என் கணவர் சுதன் வேலை செய்யும் களஞ்சியத்துக்குச் சாமான் கொண்டுவருபவர். இளவயதில் அகதியாக வந்து, ஒவ்வொரு முகாமாகப் படுத்தெழும்பிய மனிதர்.

"சில்லுப் பூட்டின வீடு ஒண்டு வேணும் எண்டதுதான் தங்கச்சி என்ர கனவு" என்பார். "பிடிக்கேல்லை எண்டா ஆரும் எங்களை எழுப்பத் தேவையில்லை. நாங்களே இழுத்துக்கொண்டு போயிடலாம்."

அந்த வீட்டைத்தான் கோடை விடுமுறைக்கு எங்களிடம் தந்தார். நான்கு மூலையிலும் கையால் சுழற்றி இறக்கும் இரும்புக் கால்கள். மடித்தால் கட்டிலாகும் மேசை. பின்பக்கம் பிள்ளைகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சின்னப் படுக்கைகள். இரண்டாகத் திறக்கும் கதவு. கீழ்ப்பாதியைச் சாத்திவிட்டு மேல்பாதியால் உலகத்தைப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கதவுதான். பிள்ளை வெளியே போகாது, காற்று உள்ளே வரும்.

புறப்படும் நாள் காலையில் நான் ஏற்றிய சாமான்களைக் குகன் அண்ணை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். அரிசிப் பை, மாப் பேணிகள், புட்டுப் பானை, மிளகாய்த் தூள், காய்ச்சல் மருந்து, கம்பளிகள், இன்னும் கம்பளிகள்.

"பிள்ளை, லீவுக்குப் போறியளோ, இடம்பெயர்ந்து போறியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"பாரமெல்லாம் சில்லுக்கு மேல வாற மாதிரி அடுக்கு. பின்னுக்கு ஏத்தினியெண்டா கரவன் பாம்பு மாதிரி ஆடும். பிறகு உன்ர மனிசன்ர வாயில தேவாரம்தான் வரும்."

கடைசியாக எலுமிச்சம்பழப் பிரச்சினை வந்தது. புதுப் பயணம் போகும் வாகனத்தின் சில்லுகளுக்கடியில் பழம் வைத்து நசித்துப் போவது எங்கள் வழக்கம். காருக்கு நான்கு. கரவனுக்கு?

"கொழுவியிருக்கேக்க ரெண்டும் ஒரே வாகனம்தானே. முன் சில்லுக்கு ரெண்டு வைச்சாக் காணும்" என்றார் சுதன்.

"பிள்ளையள் படுக்கிறது கரவனுக்குள்ள. அதுக்கு வைக்காமல் காருக்கு மட்டும் வைக்கிறதோ?"

ஆறு பழம் வைத்தேன். வீதியைக் கூட்டிக்கொண்டிருந்த நகரசபை ஊழியர் தும்புத்தடியை நிறுத்திவிட்டு, நாங்கள் ஆறு பழங்களையும் நசித்துக்கொண்டு போவதைப் பார்த்தார். கைகாட்டினார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. இந்த நாட்டில் எனக்குப் பிடித்த குணம் அது.

மத்தியானத்தில் மூடிய மரம்

எலுமிச்சம்பழத்தோடு விட்டிருந்தால் நேரத்துக்குப் போயிருப்போம். நான் எமகண்டமும் பார்த்தேன். அது முடியட்டும் என்று காலுக்குமேல் கால்போட்டுக் காத்திருந்துவிட்டுப் புறப்பட்டோம். கூர் நகரத்தைத் தாண்டி, சுற்றிச் சுற்றி மேலே ஏறி, கரவன்கள் நிறுத்தும் விடுமுறை முகாமின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியான ஓய்வு தொடங்கியிருந்தது. வாசலுக்குக் குறுக்கே சிவப்பு வெள்ளைத் தடுப்பு மரம் இறங்கியிருந்தது. ஓய்வு முடியும்வரை வாகனம் எதுவும் உள்ளே போகாது. சத்தம் போடவும் கூடாது.

"நல்ல நேரம் பாத்து வெளிக்கிட்டம், நல்ல நேரத்துக்கு வந்து சேந்திட்டம்" என்றார் சுதன். அவர் அதிகம் சொல்லாதபோதுதான் எனக்கு அதிகம் கேட்கும்.

ஒதுக்கில் வாகனத்தை நிறுத்தினோம். சின்னவன் கபிலன் இருக்கையிலேயே நித்திரையாகிவிட்டான். செய்வதற்கு ஒன்றுமில்லை. சமைக்க முடியாது, அடுக்க முடியாது, எதையும் துடைக்கவும் முடியாது. கண்ணாடிக்கு முன்னால் மலை மட்டும் இருந்தது.

இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்திருக்கிறேன். ஓல்டனிலிருந்து தெளிவான நாட்களில் மலைகள் தெரியும், வானத்தின் ஓரத்தில் வெள்ளைக் கரை போல. முதியோர் இல்லத்து நாட்காட்டியில் மாதத்துக்கொரு மலை தொங்கும். மலை என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். நான் மலையின் படத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன் என்பது அந்த மத்தியானத்தில்தான் விளங்கியது.

அது பெரிதாக இருந்தது என்று எழுதினால் ஒன்றும் சொல்லாதது போலிருக்கிறது. ஒரு முகிலின் நிழல் அதன் அடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்கியது. நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். கபிலன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரண்டு படுத்தான். ஆதிரை வாழைப்பழம் ஒன்றை முழுதாகச் சாப்பிட்டு முடித்தாள். நிழல் இன்னும் பாதி வழிகூட ஏறவில்லை. அப்போதுதான் மார்புக்குள் ஏதோ மெல்ல விரிந்தது. பயமா என்று பார்த்தேன். பயமில்லை. பயத்துக்கு அண்டைவீட்டுக்காரன் போல ஏதோ ஒன்று.

"அம்மா, அந்த வெள்ளை நூல் என்ன?"

பாறைமேல் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தொங்கியது.

"அது அருவியம்மா. தண்ணி விழுது."

"விழேல்லையே. அது நிக்குது."

உண்மைதான். ஓடும் தண்ணீர் அசையாமல் நின்றது. அவ்வளவு தூரம். அவ்வளவு தூரத்தில் எல்லாமே நின்றுவிடும் போலும் என்று யோசித்தேன். மரம் மேலே உயர்ந்ததை நான் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற கார்க்காரர் ஒலி எழுப்பிய பிறகுதான் சுதனும் கவனித்தார். அவரும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சத்தம் கூடினது

இனிக் கொலுசு.

அடுத்த மாதம் ஆதிரை பாலர் பள்ளிக்குப் போகவேண்டியிருந்தது. இங்கே பாலர் பள்ளிப் பிள்ளைகள், கழுத்தில் பளிச்சிடும் முக்கோணப் பட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு, தாமாகவே நடந்து போவார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள். வீதியைக் கடந்து. யாரும் கைபிடிக்காமல்.

பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை இதை அன்பாகத்தான் சொன்னார். முதல் சில நாட்கள் கூட்டி வாருங்கள், பிறகு விட்டுவிடுங்கள், தனியே நடப்பதிலும் படிக்க நிறைய இருக்கிறது என்றார். கேள்வி இருக்கிறதா என்று கேட்டபோது கை தூக்கியவள் நான் ஒருத்தி. எவ்வளவு தூரம் பின்னால் நடந்து வரலாம் என்று கேட்டேன்.

ஆசிரியை சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "உங்கள் வீட்டுக் கதவடி வரைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சுதனும்.

அவருக்குச் சிரிப்பு வரும். ஆறு வயதில் இங்கே வந்தவர். வந்த சில மாதங்களிலேயே கழுத்தில் வீட்டுத் திறப்புச் சாவியைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தனியே பள்ளிக்கூடம் போனவர். அவரைப் பெற்ற மாமாவுக்கும் மாமிக்கும் விடியற்காலை வேலை. "பயமாயிருக்கேல்லையோ?" என்று ஒருமுறை கேட்டேன். "திறப்பு நெஞ்சில குளிரும். அதுதான் ஞாபகம் இருக்கு" என்றார்.

எனக்கு ஞாபகமிருப்பது வேறு. அப்போது எனக்கும் ஆதிரையின் வயதுதான். போருக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்த நாள். மழை. வீதி முழுக்க ஆட்கள், சைக்கிள்கள், தலையில் மூட்டைகள். அம்மா தன் சேலைத் தலைப்பின் நுனியை என் மணிக்கட்டில் முடிந்துவிட்டார். கைபிடித்தால் கை வழுக்கும், முடிச்சு வழுக்காது என்றார். கூட்டத்துக்குள் யாரோ ஒரு தாய் ஒரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். அந்தப் பெயர் எனக்கு மறந்துவிட்டது. கூப்பிட்ட குரல் மறக்கவில்லை.

அதனால்தான் கடந்த முறை ஊருக்குப் போனபோது, வெள்ளிக் கடையில் ஆதிரைக்குக் கொலுசு வாங்கும்போது, வடிவானதைக் கேட்காமல், "சத்தம் கூடினது காட்டுங்கோ" என்றேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக ஆட்டிக் காட்டினார். உள்ளேயிருந்து வீட்டு வாசல்வரை கேட்கக்கூடியதாக ஒன்றைத் தெரிவுசெய்தேன். பயணத்துக்கு அதைத்தான் போட்டுவிட்டேன். முகாமில் எங்கே ஓடினாலும் நான் சமைத்துக்கொண்டே அவள் இருக்குமிடம் அறியலாம்.

பக்கத்துக் கரவனில் பாசல் நகரிலிருந்து வந்த சாண்ட்ரா என்ற பெண் இருந்தாள். வெறுங்காலோடு ஓடித்திரியும் மூன்று பிள்ளைகளின் தாய். அவர்களில் யாராவது ஒருவர் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருப்பார். அவள் அதுபற்றிக் கவலைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. முதல்நாள் மாலை, ஆதிரை அவளுடைய கரவனைச் சுற்றி ஓடியபோது கேட்டாள்:

"அழகாக இருக்கிறது. ஆனால் ஏன் மணி?"

"எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரிவதற்கு."

சாண்ட்ரா தலையை ஆட்டினாள். "நல்ல யோசனை. எங்கள் விவசாயிகளும் அதைத்தான் செய்கிறார்கள்."

பகிடியா பாராட்டா என்று எனக்கு விளங்கவில்லை. அதே நேரம் மேலேயிருந்த புல்வெளியிலிருந்து ஒரு சத்தம் இறங்கி வந்தது. மாடுகள் தெரியவில்லை. மணிகள் மட்டும் கேட்டன. கனமானவை, மெல்லியவை, தூரத்திலிருந்து வருபவை, கல்லில் பட்டு இரண்டாக வருபவை. கோயில் முழுவதையும் யாரோ மலைமேல் அவிழ்த்து விட்டது போலிருந்தது. கையில் சோற்றகப்பையோடு அப்படியே நின்றேன். மாடு மணி கட்டி மேயும் மலைக்கு, பிள்ளைக்கு மணி கட்டிக் கூட்டி வந்திருக்கிறேன் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பல்லுத் தீட்டாத தூரிகை

முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. முதல்நாள் மாலையே வாசல் கடையில் பாண் சொல்லிவைக்க வேண்டும். காலையில் அதை வாங்கப் போவது பிள்ளைகளின் வேலை. இரவு உடுப்போடு, றப்பர் சப்பாத்தோடு, கலைந்த தலையோடு, எல்லாக் கரவன்களிலிருந்தும் பிள்ளைகள் வெளிப்பட்டுப் போவார்கள். பெரியவர் யாரும் கூடப்போவதில்லை.

"நானும் போகப்போறன். தனிய" என்றாள் ஆதிரை.

நான் சுதனைப் பார்த்தேன். சுதன் மலையைப் பார்த்தார்.

முதல் காலை அவள் போனாள். நான் பல் துலக்கும் தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு, குளியலறைக்குப் போவது போலப் பின்னால் போனேன். ஒரு கரவனின் மறைவில் நின்று, கொலுசுச் சத்தம் தூரமானதும் அடுத்த கரவனின் மறைவுக்குப் போனேன். இரண்டாம் காலையும் அப்படியே. திரும்பி வந்தபோது சுதன் அடுப்பில் கேத்தலை வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ சி.ஐ.டி. அம்மா. சந்தேக நபர் பாண் வாங்கினவவோ?"

"பகிடி விடாதேங்கோ. அந்த மூலையில கார் திரும்பிற இடம் இருக்கு."

"நடக்கிற வேகத்திலதான் இஞ்சை கார் போகும். நீங்கள்தான் ஓடுறியள்."

மூன்றாம் நாள் ஞாயிறு. ஞாயிறுகளில் தலைமயிர் பின்னியது போல முறுக்கிச் சுடும் பாண் கிடைக்கும். ஆதிரை அதைப் பின்னல் பாண் என்பாள். அன்று அவள் படியிறங்கி, இரண்டடி போய், திரும்பி வந்தாள்.

"அம்மா, இண்டைக்கு நீங்கள் வரக்கூடாது."

"நான் எங்கை வந்தனான்?"

"வாறனீங்கள். எனக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"பல்லுத் தீட்டாமல் பிரஷை மட்டும் கொண்டு திரியிறீங்கள்."

உள்ளே சுதன் இருமுவது போலச் சிரித்தார்.

"நான் தனியப் போனனான் எண்டு சாண்ட்ரா அன்ரியின்ர மகனுக்குச் சொன்னனான். அவன், பொய், உன்ர அம்மா பின்னால வந்தவா எண்டு சொன்னவன்." அவளுடைய கீழுதடு இலேசாகத் துடித்தது. "நீங்கள் வந்தா அது தனிய இல்லை அம்மா. அப்ப நான் ஒண்டும் செய்யேல்லை."

அவளைக் காப்பதாக நினைத்து, அவளிடமிருந்து எதையோ நான் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சரி. நான் வரேல்லை."

"சத்தியம்?"

"சத்தியம். நீங்கள் வருமட்டும் இந்தப் படியிலதான் இருப்பன்."

அவள் போனாள். வானம் கழுவித் துடைத்தது போலிருந்தது. கொலுசு ஜல், ஜல் என்று கேட்டுக்கொண்டே போய்த் தேய்ந்தது. தேநீரை எடுத்துக்கொண்டு படியில் வந்து இருந்தேன். பள்ளத்தாக்கில் முகில் கிடந்தது. பிறகு நடந்ததைத் தொடக்கத்தில் சொல்லிவிட்டேன்.

மணிகள்

முகில் முகத்தில் படும்போது அது நனைந்த துணியைப் போலிருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. மூச்சை இழுத்தால் கல்லின் மணம். என் கையிலிருந்த கோப்பை தெரிந்தது. என் காலடி தெரிந்தது. அதற்கப்பால் உலகம் இல்லை. ஓடையின் சத்தம்கூட அமுங்கிப் போனது. நான் காதை மட்டும் வைத்துக்கொண்டு இருந்தேன். தூரத்தில், மிக மெல்லியதாக, ஜல். மீண்டும் ஜல். வருகிறாள். இருக்கலாம், வாக்கைக் காப்பாற்றலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மாடுகள் வந்தன.

பால் கறந்தபின் மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவார்கள் போலும். முகாம் வேலிக்கு வெளியேயிருந்த ஒழுங்கையால் போயிருக்க வேண்டும். எனக்கோ அவை எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதாகத் தோன்றியது. மணிகள், மணிகள், மணிகள். நிலம் நடுங்கியது. அந்தச் சத்த வெள்ளத்தில் என் பிள்ளையின் கொலுசு ஒரு துளி. கரைந்து போனது.

கோப்பையை வைத்தேன். எழும்பினேன். ஆம், சத்தியத்தை மீறி எழும்பினேன்.

"ஆதிரை!"

என் குரல் எனக்கே திரும்பி வந்தது, பஞ்சுக்குள் கூப்பிட்டது போல. கடை இருக்கும் திசை என்று நினைத்த பக்கமாக நடந்தேன். பிறகு ஓடினேன். சரளைக் கல் முடிந்து காலடியில் ஈரப் புல் வந்தது. ஒரு கரவனையும் காணவில்லை. திரும்பினேன். எந்தப் பக்கம் திரும்பினேன் என்பது திரும்பியவுடனேயே தெரியாமல் போயிற்று. மறுபடியும் கூப்பிட்டேன். அந்தக் குரலை நான் முன்பு கேட்டிருக்கிறேன். மழைக்குள், வீதியில், ஒரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போன குரல். இப்போது அது என் வாயிலிருந்து வந்தது.

வெண்மைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வந்து என் முன்னால் நின்றது.

ஒரு பசு. எங்களுக்கிடையில் ஒற்றைக் கம்பி வேலி மட்டும். சாம்பல் நிற முகம், ஈரமான பெரிய மூக்கு, இமைமயிரில் முகில் துளிகள். அதன் மூச்சு என் கையில் சூடாகப் பட்டது. அது என்னைப் பார்த்தது. அவசரமே இல்லாத பார்வை. கழுத்தை அது அசைக்கவில்லை, மணி ஒலிக்கவில்லை. மற்ற மணிகள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. அந்த மிருகம் நின்ற நிலையில், என் நெஞ்சு அடித்த வேகம் எனக்கே ஒரு சத்தமாகக் கேட்டது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. நான் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தேன். அதனால்தான் கேட்டது.

ஜல். ஜல். ஜல். ஜல்.

நடக்கும் சத்தமல்ல. நடந்தால் சத்தம் இடம் மாறும். இது ஒரே இடத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு ஜல்லுக்கும் கீழே தகரத்தில் அடிப்பது போல ஒரு தொம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அது நின்றபோது நின்றேன், தொடங்கியபோது நடந்தேன். புல் முடிந்து சரளை வந்தது. சிவப்புத் துவாய் ஒன்று முகிலுக்குள்ளிருந்து முளைத்தது. பிறகு எங்கள் கரவன்.

நான் இருந்திருக்க வேண்டிய படியில், பின்னல் பாணைக் கட்டிப்பிடித்தபடி, ஆதிரை துள்ளிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, மூச்சு வாங்க, இரும்புப் படியில் இரண்டு காலையும் சேர்த்துத் துள்ளிக்கொண்டிருந்தாள். பாணின் ஒரு நுனி கடிக்கப்பட்டிருந்தது. கதவின் மேல்பாதியில் கபிலனைத் தூக்கி வைத்தபடி சுதன் நின்றார்.

"வந்திட்டா! அப்பா, அம்மா வந்திட்டா!"

நான் அவளை வாரி எடுத்தேன். என் முகம் நனைந்திருந்தது. முகில் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"எங்கையம்மா போனீங்கள்? நான் வந்து பாத்தா உங்களைக் காணேல்லை. அப்பா சொன்னார் நீங்கள் துலைஞ்சிட்டீங்கள் எண்டு. அதுதான் நான் மணி அடிச்சனான்."

"முகிலுக்குள்ள நீங்கள் எப்பிடி வந்தனீங்கள் அம்மா?" என்று ஆதிரையைக் கேட்டேன். " பயமாயிருக்கேல்லையோ?"

"பாதைக் கரையில வெள்ளைக் கல்லு இருக்குத்தானே. காலைப் பாத்துப் பாத்து வந்தனான்." பிறகு, சற்றுக் கண்டிப்பாக, "நீங்கள் தூரப் பாத்திருப்பீங்கள்."

சுதன் கீழ்க் கதவைத் திறந்தார். பகிடி ஒன்று வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவருடைய முகமும் வெளிறியிருந்தது. "நான் உன்னைத் தேடி வெளிக்கிட்டனான்" என்றார் மெதுவாக. "இவள்தான் விடேல்லை. நீங்களும் துலைஞ்சா நான் ஆருக்கு அடிக்கிறது எண்டு கேட்டவள்."

பின்னல் பாணை உடைத்து, வெண்ணெய் பூசி, முந்தின நாள் சம்பலோடு சாப்பிட்டோம். சாப்பிட்டு முடியுமுன் முகில் விலகியது. முதலில் துவாய், பிறகு மரங்கள், பிறகு மிக உயரத்தில், வானத்தின் நடுவில், எதிலும் ஒட்டாமல், ஒரு பனிமுனை மட்டும் வெயிலில் தெரிந்தது. கீழே மலை இல்லை. முனை மட்டும். ஆதிரை வாயில் பாணோடு நிமிர்ந்து பார்த்தாள். நான் மலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். இவள் என் வயிற்றில் இருந்தவள். எனக்கு வழி தெரியாத இடத்தில் இவளுக்கு வழி தெரிந்திருக்கிறது. மலையைப் பார்த்தபோது வந்த அதே விரிவு மறுபடியும் மார்புக்குள் வந்தது. இம்முறை அது மலைக்காக மட்டுமல்ல.

வேலிக்கப்பால் சாம்பல் பசு இன்னும் நின்றது. மற்ற மாடுகளெல்லாம் போனபின் பின்தங்கியிருக்கிறது. யாரோ மேலேயிருந்து கூப்பிட, மணியை ஆட்டிக்கொண்டு அவசரமில்லாமல் ஏறிப் போனது.

முக்கோணப் பட்டி

கரவனைக் கழுவி, குகன் அண்ணையிடம் திருப்பிக் கொடுத்தோம். அரிசிப் பையில் பாதி மிச்சமிருந்தது. அவருக்கே கொடுத்தேன். சில்லுக்கு மேலேதான் அடுக்கினாயா என்று கேட்டார். ஓம் என்றேன்.

பள்ளி தொடங்கி முதல் நாட்களில் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். பிறகு அந்தக் காலை வந்தது. ஆதிரை பட்டியைத் தானே மாட்டினாள். பை, தொப்பி, தண்ணீர்ப் போத்தல். வாசலில் சப்பாத்துப் போட இருந்தவள், குனிந்து கொலுசின் கொக்கியைக் கழற்றத் தொடங்கினாள். கொக்கி இறுக்கம். நான் உதவப் போனேன். விடவில்லை. தானே கழற்றினாள். ஒன்று. மற்றது.

இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உங்களிட்ட இருக்கட்டும். நீங்கள்தானே துலையிறது."

"நானோ?"

"ஓம். பயமா இருந்தா ஆட்டுங்கோ. நான் கேட்டுக்கொண்டு ஓடி வாறன்."

"சரியம்மா."

"சும்மா ஆட்டக்கூடாது."

"ஆட்ட மாட்டன்."

அவள் படியிறங்கிப் போனாள். வெள்ளைக் கல் எதுவும் இல்லாத வீதி. ஆனாலும் காலைப் பார்த்துப் பார்த்துத்தான் நடந்தாள். கடவையில் நின்றாள். இடம் பார்த்தாள், வலம் பார்த்தாள். கார் ஒன்று நின்று வழிவிட்டது. முக்கோணப் பட்டி பளிச்சென்று ஒருமுறை மின்னி, மூலையில் திரும்பியது.

நான் வீட்டுக் கதவடியில் நின்றேன். கொலுசுகளை உள்ளங்கைக்குள் வைத்து, மறு கையாலும் பொத்தி இறுக்கிப் பிடித்திருந்தேன். அவை ஒலித்துவிடக்கூடாது. ஒலித்தால் அவள் திரும்பி வந்துவிடுவாள்.